அக்காவைக் காட்டிய சாயங்காலம்

அக்காவை எங்கே வைத்துக் காட்டுவது என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது.

வீட்டில் முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கூட்டம் வந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் போன் பண்ணுகிறோம் என்று சொல்லிக் காரில் ஏறியது. கார் தெருமுனை திரும்பவில்லை, அக்கா டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"இதோட சரி. இனிமே எவன் முன்னாலயும் தட்டத் தூக்கிட்டு வர மாட்டேன். என் போட்டோவும் எவன் போனுக்கும் போகக் கூடாது. போச்சுன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே ஹாஸ்டல் பாத்துப் போயிருவேன்."

அக்கா பெயர் யோகலட்சுமி. முப்பத்தாறு வயது. இலஞ்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். சொன்னால் செய்கிற ஆள்.

கோவிலிலும் முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தெரியாமல் பெண் பார்ப்பது என்றால் கோவில்தான். சாமி கும்பிட வந்ததுபோல வந்து, பிரகாரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிடிக்காவிட்டாலும் இரண்டு பக்கத்துக்கும் முகத்தில் அடித்த மாதிரி இருக்காது. ஆனால் இலஞ்சிக் கோவில், தென்காசிக் கோவில் இரண்டிலும் அக்காவை ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. 'கோயிலுக்குப் போவமாக்கா' என்று கேட்டாலே போதும், 'எந்த ஊர்க்காரன் வாரான்?' என்பாள்.

பூங்கா என்று சொன்னது லிங்கம் சித்தப்பா.

நான் வேலை பார்ப்பது குஜராத்தில், வாப்பியில். சாயப்பவுடர் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. ஒரே ரூமில் மூன்று பீகார்க்காரர்களும் நானும். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் பேசிச் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகப் புரியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அக்காவுக்கு போன் போடுவேன். சாரல் விழுந்ததா, ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்று கேட்பேன். அவள் சொல்லுவாள். அதோடு என் நாள் முடியும். அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் அவளும்தான். அவளுக்கு ஒரு வழி செய்யாமல் நான் திரும்ப ரயில் ஏறக் கூடாது என்று இந்த ஆடியில் லீவு போட்டு வந்தேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்துச் சித்தப்பா விஷயத்தைச் சொன்னார்.

"பையன் பேரு விஜயசங்கர். சுரண்டையில சொந்தமா ஹார்டுவேர் கடை. நாப்பத்தொண்ணு ஆவுது. ரெண்டு தங்கச்சியக் கட்டிக் குடுத்துட்டு நிமிந்து பாத்தான், முடி பாதி போயிட்டு. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ஜாதகமும் பொருந்திட்டு. அவன் அம்மைக்குப் பொண்ணப் பிடிச்சாப் போதும்."

"போட்டோ கேட்டாவளா?"

"கேக்கலலே. அந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? 'போட்டோவுல எல்லாவளும் சினிமாக்காரியா இருக்காளுவ, நேர்ல பாத்தா வேற எவளோ வாரா. எனக்கு அவ நடக்கது, பேசுதது, சிரிக்கது பாக்கணும். பொண்ணுக்குத் தெரியவே கூடாது'ங்கு. நம்ம வீட்டுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு மாமியா."

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், ஓடையை ஒட்டி ஒரு பூங்கா இருக்கிறது. சீசனுக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டுத் தலை காயும்வரை உட்கார்ந்திருக்கிற இடம். உள்ளூர்க்காரர்கள் அவ்வளவாகப் போக மாட்டார்கள். அதனால் சந்தேகம் வராது. ஓடைக்கரையில் நாவல் மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு உண்டு. அக்காவை அதில் உட்கார வைக்க வேண்டும். பையனும் அவன் அம்மாவும் வந்து, நடந்து, நின்று, பார்ப்பார்கள்.

"பிடிச்சிருந்தா அந்தம்மாவே கிட்ட வந்து ஏதாவது பேச்சுக் குடுத்து ஒரு முழம் பூவ கையில குடுத்துட்டுப் போவும். பிடிக்கலன்னா சத்தங்காட்டாமப் போயிருவாவ. பூ குடுத்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குப் பெறவு யோகுகிட்ட பேசிச் சம்மதிக்க வைக்கது உங்க அம்ம பாடு."

"அவங்களுக்கு அக்காவ எப்படித் தெரியும்? நீங்க கூட நின்னு காட்டுவியளா?"

"நான் உள்ள வந்தா உங்க அக்கா என் வழுக்கயப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருவாலே. நான் ரோட்டு மேல நின்னுக்கிடுதேன். சேலை என்னன்னு சொல்லு, போதும். நீயும் பக்கத்துல இருக்காத. ஆம்பள ஒருத்தன் காவக் காத்துக்கிட்டிருந்தா அவங்களால நின்னு நிதானமாப் பாக்க முடியாது."

நான் யோசிக்கவே இல்லை. என் போனில் அக்கா போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது. மாசியில் பள்ளிக்கூட ஆண்டு விழா அன்று அக்கா எடுத்து எனக்கு அனுப்பியது. மாந்துளிர் கலர் சேலை, மயில்கழுத்துக் கரை. அதில் அவள் சின்ன வயசில் இருந்த மாதிரி சிரிப்பாள். வாப்பியில் அதை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

"மாந்துளிர் சேலை" என்றேன்.

"நல்ல கலருலே. இப்ப எவ கட்டுதா அத? நூறு பேருக்கு நடுவுல நின்னாலும் தெரியும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அக்கா காதில் விழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்குச் சாயங்காலம் ஓடப் பார்க்குக்குப் போவமா? சாரல் நல்லா இருக்கு."

"என்னலே அதிசயமா இருக்கு. வந்ததுல இருந்து கட்டிலும் நீயுமாக் கெடந்த."

"அந்த மாந்துளிர் சேலையக் கட்டுக்கா. போட்டோ எடுக்கணும். அங்க ரூம்ல வச்சுப் பாக்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று நான் போனை நோண்டுகிறதுபோலக் குனிந்துகொண்டேன். ஆனால் அவள் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "சரிலே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து யாருக்கோ போன் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பஸ் ஏறினோம். இலஞ்சி விலக்கு தாண்டும்போதே சாரல் பிடித்துவிட்டது. பூங்கா வாசலில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து விற்றார்கள். உள்ளே ஒரு சிமெண்டு யானை, தும்பிக்கை உடைந்தது. மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உடம்பில் எண்ணெய் வாசத்தோடு அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். குரங்குகள் சிப்ஸ் பாக்கெட்டுக்காக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது. அக்கரைக்குப் போக ஒரு ஒடுக்கமான பாலம், பாசி பிடித்து வழுக்கும்.

கல் பெஞ்சு காலியாக இருந்தது. என் நல்ல நேரம் என்று நினைத்தேன். அக்காவை உட்கார வைத்து, நான்கைந்து போட்டோ எடுத்தேன்.

"நான் பாலத்துல நின்னு ஓடையப் படம் எடுத்துட்டு வாரேன். நீ இங்கனயே இருக்கா."

"இருக்கேன். நீ தண்ணியில எறங்காத, இழுத்துட்டுப் போயிரும்."

நான் பாலத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் இரண்டு மாந்துளிர் சேலை இருந்தது.

மயில்கழுத்துக் கரையும் அதேதான். ஒன்று அக்கா. இன்னொன்று ஒரு சின்னப் பொண்ணு, அக்காவின் தோளில் கையைப் போட்டு எதையோ சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் ஓடினேன்.

"வாலே. இவதான் உமாராணி. யு.கே.ஜி. டீச்சர். போன்ல சொல்லுவேம்லா, என்னய சிரிக்க வச்சே கொல்லுவான்னு, அது இவதான்" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் இந்தச் சேலையக் கட்டி ஒண்ணா ஒரு போட்டோ எடுக்கணும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தோம். நீயே அதக் கட்டுன்னியா, உடனே இவளுக்கு போன் போட்டுட்டேன்."

"ஒரே மாதிரி..." என்றேன்.

"எங்க ஸ்கூல் டீச்சர் எல்லாருகிட்டயும் இதே சேலை இருக்குண்ணே" என்றாள் உமாராணி. "ஆண்டு விழாவுக்கு மொத்தமா எடுத்தோம். அன்னைக்கு எங்க கரஸ்பாண்டண்ட் யாரத் திட்டணும்னு தெரியாம எல்லாரையும் திட்டிட்டுப் போனாரு."

"இவளுக்கு ஆவணியில கல்யாணம்லே. மாப்பிள்ள மிலிட்டரி. கல்யாணம் ஆனதும் நம்மள எல்லாம் எங்க நெனப்பா."

"போங்கக்கா. அவரு லடாக்ல கெடக்காரு, நான் ஒங்க மடியிலதான் கெடக்கணும்."

இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள். நான் பாலத்துப் பக்கம் நகர்ந்து சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"சித்தப்பா, அக்கா கூட வேல பாக்க டீச்சர் ஒருத்தி வந்திருக்கா. அவளும் அதே சேல."

"எந்தச் சேல?"

"அதே மாந்துளிர்."

"ஏலே, என்னலே சொல்லுத? அவங்க இப்பத்தான் டிக்கெட் எடுத்து உள்ள போறாவ."

"கூப்பிடுங்க. போன் போட்டுச் சொல்லுங்க."

"பையன் நம்பர் என்கிட்ட ஏது? அவன் அப்பா நம்பர்தான் இருக்கு. அவரு சுரண்டையில கடையில இருக்காரு. போட்டுப் பாக்கேன். நீ ஒண்ணு செய்யி, அந்தப் பிள்ளையக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போ."

நான் பெஞ்சுக்கு ஓடினேன். "உமாராணி, மங்குஸ்தான் வாங்கிட்டு வருவமா? எனக்கு நல்லதாப் பாத்து எடுக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமாண்ணே? அக்காவக் கேளுங்க."

"அப்ப நீ வாக்கா."

"இப்பத்தான உக்காந்தோம். கனமா இருக்கதா எடுத்துட்டு வா. போலே."

"அங்க... அந்தச் சிமெண்டு யானைகிட்ட ஒரு போட்டோ?"

"தும்பிக்க இல்லாத யானகிட்டயா? என்னலே ஆச்சு உனக்கு? கால்ல சக்கரம் கட்டுனவன் மாதிரி அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு இருக்க."

உமாராணி, "அண்ணனுக்கு வடநாட்டுல இருந்து ஏதோ பிள்ள போன் போடுதா போல" என்றாள். அக்கா, "அப்படின்னா நான் நிம்மதியாச் செத்துப் போவேன்" என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்தில் இருந்த மதுரைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவள் மட்டும் தனியாக இருந்திருந்தால் இந்த ஒரு சிரிப்பே போதும் என்று நினைத்தேன்.

அப்போது அவர்களைப் பார்த்துவிட்டேன். ஊர் பார்க்க வந்தவர்கள்போல அக்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பாலத்தின் அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட உயரமான ஆள், முன் நெற்றி ஏறிப்போனவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அரக்குச் சேலையில் ஒரு வயசான அம்மா. அந்த அம்மா கையில் வாழை இலையில் சுற்றிய பொட்டலம். பாலம் வழுக்கும் என்று அவர் ஒரு அடி முன்னால் வைத்துப் பார்த்து, பிறகு அம்மாவை நடக்க விட்டுக் கூட்டி வந்தார். நல்ல மனுஷன் என்று எனக்குப் பட்டது.

நான் பெஞ்சை விட்டுத் தள்ளிப் போக வேண்டும் என்பது பேச்சு. போனேன். வேலி ஓரமாக நின்று ஓடையைப் பார்க்கிறதுபோல நின்றேன். நேரே அவர்களிடம் போய், 'பெரியவங்கதான் எங்க அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம்தான். ஆனால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஆளிடம் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். எழுந்து போய்விடுவாள். அவளை எனக்குத் தெரியும். அதனால் நின்றேன். ஒருவேளை அவர்களே சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் ஒரு நினைப்பு. வயசைப் பார்த்தால் தெரியாதா?

அந்த அம்மா பாலத்தின் இந்தப் பக்கம் வந்து நின்று, சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பெஞ்சைப் பார்த்தாள். முதலில் அக்காவை, அப்புறம் உமாராணியை. மகனிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு அந்த அம்மா மட்டும் பெஞ்சை நோக்கி நடந்தாள்.

அக்காதான் முதலில் பார்த்தாள். வயசானவள் நடக்க முடியாமல் வருகிறாள் என்று நினைத்திருப்பாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். "இப்படி உக்காருங்கம்மா, இங்கன நனையல" என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. அந்த அம்மா, "நல்லா இரு தாயி" என்று சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, உமாராணி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மாவின் முதுகும், அதற்கு அந்தப் பக்கம் உமாராணியின் முகமும், இந்தப் பக்கம் அக்காவும்தான். அக்கா குனிந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஸ்கூல், பிள்ளைகள் எத்தனை, சமைக்கத் தெரியுமா என்று கேள்விகள். உமாராணி ஒவ்வொன்றுக்கும் வாய் நிறையப் பதில் சொன்னாள். எனக்கு போன் அடித்தது. சித்தப்பா. எடுக்கவில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்த அம்மா வாழை இலையைப் பிரித்தாள். பிச்சிப்பூ. தொடுத்த சரம். இந்தப் பக்கம் திரும்பு, திரும்பு என்று மனசுக்குள் சொன்னேன். அவள் உமாராணியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் பூவை வைத்து, கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். எழுந்தாள். மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது அவர் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உமாராணியைத்தான்.

"யாருக்கா இந்த அம்மா?" என்று உமாராணி முழித்தாள். "ஏதும் நேத்திக்கடனா இருக்குமோ?"

"இருக்கும். கல்யாணப் பொண்ணுன்னு முகத்துலயே எழுதியிருக்கு போல."

"நான் மட்டும் வச்சா நல்லாவா இருக்கு?" உமாராணி சரத்தைப் பல்லால் கடித்து இரண்டாக்கினாள். பாதியை அக்காவின் தலையில் வைத்துவிட்டாள். அக்கா கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

நான் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி போட்டேன். அதேதான். படியேறி வாசலுக்கு ஓடினேன். சுரண்டைக் கார் போய்விட்டிருந்தது. சித்தப்பா ரம்புட்டான் கடை பக்கத்தில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, தொடையில் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், இரு இரு என்று கையைக் காட்டினார். பேசி முடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"முடிஞ்சுதுலே! பூ குடுத்தாச்சு. பிடிச்சிருக்குன்னு அந்தம்மா என்கிட்டயே சொல்லிட்டு ஏறுது. மதினிகிட்டச் சொல்லிட்டேன். பாவம், அழுதுட்டாவ."

"அம்மாகிட்டயா சொன்னிய?"

"பின்ன? உனக்கு எத்தன தடவ போட்டேன், எடுத்தாத்தான?"

"பூவ அந்த டீச்சர் கையில குடுத்திருக்காவ சித்தப்பா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பழக்கடைக்காரனின் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "மூச்சு விடாம நல்லாப் பேசுதா பிள்ளன்னு சொல்லிச்சே அந்தம்மா" என்றார். "நம்ம யோகு எங்க அப்படிப் பேசுவான்னு நானும் யோசிச்சேன்."

"அம்மா அக்காவுக்கு போன் போட்டுருவா" என்றேன். அம்மாவால் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. திரும்ப ஓடினேன். ஈரத்தில் செருப்பு வழுக்கியது. சிமெண்டு யானையைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. அக்கா போனைக் காதில் வைத்திருந்தாள்.

அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் போனில் கத்தித்தான் பேசுவாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் வரும்போது எனக்கே கேட்டது.

"ஏட்டி யோகு, கோவப்படாத. எம்மேல தப்புதான். தம்பிய ஏசாத. பூ குடுத்தாவல்லா? வாங்கிட்டல்லா? பிடிச்சுப் போச்சாம்ட்டி அவங்களுக்கு."

அக்கா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உமாராணியைப் பார்த்தாள். உமாராணி குரங்கு ஒன்றை விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சேலையை அக்கா அப்போதுதான் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி கரையிலிருந்து முந்திவரை பார்த்தாள்.

"ஏட்டி, இருக்கியா? பூ வாங்குனியா இல்லியா?"

"ம். வாங்கிட்டேம்மா" என்றாள் அக்கா. "தலையில வச்சிருக்கேன். வாறோம், வை."

"என்னக்கா, அம்மாவா?" என்றாள் உமாராணி.

"ஆமாட்டி. வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்லுதா."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். உமாராணி எங்கள் இரண்டு பேரையும் வைத்து செல்பி எடுத்தாள். அக்கா சிரித்தாள். உமாராணி செங்கோட்டைப் பஸ்ஸில் ஏறிப் போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பஸ் வர நேரமானது. நிழற்குடையில் நின்றோம். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் நல்லது என்று இருந்தது.

"யாரு? அந்த வெள்ளச் சட்டையா?" என்றாள்.

"ஆமாக்கா. விஜயசங்கர்னு. சுரண்டை."

"ஆளு பாக்க நல்லாத்தான் இருந்தான்."

"அக்கா, சித்தப்பாகிட்டச் சொல்லிட்டேன். அவங்ககிட்டப் பேசி, பொண்ணு மாறிப் போச்சுன்னு..."

"நான்தாம்லே அந்த அம்மாவுக்கு எடம் குடுத்தேன்" என்றாள். "குளிருல நடுங்குதேன்னு."

பஸ்ஸில் சன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். இலஞ்சி வருவதற்குள் சித்தப்பா கூப்பிட்டுவிட்டார். நான் மெதுவாகப் பேசச் சொன்னாலும் அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"அவன் அப்பாகிட்டச் சொன்னேன்லே. அவரு கார்ல போறவங்களக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. 'அந்தப் பெரிய பொண்ணா? அது கூட வந்த சொந்தக்காரி, கல்யாணம் ஆனவன்னுல்லா நெனச்சேன்'னு அந்தம்மா சொல்லிச்சாம்."

"பெறவு?"

"யோசிச்சுச் சொல்லுதோம்ங்காவ."

"பையன் என்ன சொன்னாரு?"

"அவன் ஒண்ணும் சொல்லலியாம்லே."

போனை வைத்தேன். அக்கா என்ன என்று கேட்கவில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரை விரலால் தொடர்ந்துகொண்டிருந்தாள். எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும் சொன்னாள்.

"அம்மகிட்ட இன்னைக்கு ஒண்ணும் சொல்லாத."

"சொல்லாம எப்படிக்கா? நாளைக்குத் தெரியத்தான போகுது?"

"நாளைக்கு ஸ்கூல் விட்டு வந்து நானே சொல்லுதேன். அவ நல்லா ஒறங்கி ரெண்டு வருசம் ஆச்சு. பக்கத்துலதான படுத்திருக்கேன், எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி ஒறங்கட்டும்."

"எம்மேல கோவமா?"

"உம்மேல கோவப்பட்டு என்னலே செய்ய? நீ ரயில் ஏறிருவ." சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அம்மா வாசல் நடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, நல்ல சேலை கட்டியிருந்தாள். அக்காவைக் கண்டதும் அவள் தலையைத் திருப்பிப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சொல்லாமக் கூட்டிட்டுப் போனதுக்குக் கோவமாட்டி?"

"இல்லம்மா."

"மாப்பிள்ளையப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்காவ?"

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நான் தெருவிலேயே நின்றேன்.

"ஒசரமா இருக்காவ" என்றாள் அக்கா. "வெள்ளச் சட்ட. முடிதான் கொஞ்சம் கம்மி."

"போட்டும்ட்டி. உங்க அப்பாவுக்கு மட்டும் சடையா கெடந்துது?"

"பாலம் வழுக்குதுன்னு அவங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டே வந்தாவ. ஒரு அடி தான் வச்சுப் பாத்துட்டு, பெறவுதான் அம்மாவ விட்டாவ."

"அம்மைய அப்படிப் பாக்கவன் பொண்டாட்டிய விட்டுருவானா?" அம்மா அழவும் சிரிக்கவும் செய்தாள். "மாமியா எப்படி? பேசுனாளா உங்கிட்ட?"

"நல்லா இரு தாயின்னு சொன்னாவ."

அது பொய் இல்லை. அக்கா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எல்லாம் அவள் பார்த்ததுதான், கேட்டதுதான். அம்மா கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பால் அடுப்புல வைக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனைத் தேடி எடுத்தாள். சங்கரன்கோவிலில் இருக்கிற பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டும். பெரியம்மாவிடம் சொன்னால் அவள் மகள்கள் இரண்டு பேரும் இன்றைக்கே தெரிந்துகொள்வார்கள், அவர்கள் வீட்டுக்காரர்களும். பிறகு எங்கள் சொந்தத்தில் தெரியாத ஆள் இருக்காது.

"அம்மா, நாளைக்குச் சொல்லலாமே" என்றேன்.

"நல்ல விசயத்த எதுக்குலே நாளைக்குத் தள்ளணும்? பெரியம்ம அழுதுக்கிட்டே இருக்கா, யோகுவுக்கு ஒண்ணும் அமையலியேன்னு."

நான் உள்ளே பார்த்தேன். அக்கா வந்து தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்புக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவளுக்குப் பெயர் தேடத் தெரியாது. எப்போதும் அக்காதான் போட்டுக் கொடுப்பாள்.

"இந்தாலே, கண்ணு தெரியல" என்று போனை என் கையில் கொடுத்தாள். "பெரியம்ம நம்பரப் போட்டுத் தா."

நான் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.